‘நீ என்ன செய்து பார்த்தாய்?’ என்று ஏன் திருப்பிக் கேட்கிறீர்கள்?

2025 ஜூன் 14, காலை. கேட்டவர்: கொழும்பில் வேலை செய்யும் ஓர் அண்ணன்

என் தங்கச்சி தரம் 10 படிக்கிறாள். வீடு பொகவந்தலாவைக்கு மேலே. நான் கொழும்பில் கடையில் நிற்கிறேன். வாட்ஸ்அப்பில் கணக்குச் சொல்லித்தரும் குழு ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டேன். போன வாரம் ஒரு கணக்கைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறாள். முதலில் வந்த பதில், “நீ என்ன செய்து பார்த்தாய்?” அதோடு அந்தக் குழுவை அவள் திறக்கவே இல்லை. தெரியாததால்தானே கேட்கிறாள், தெரிந்தால் ஏன் கேட்கப் போகிறாள்? உதவ மனமிருந்தால் விடையைச் சொல்லலாம், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம். இப்படித் திருப்பிக் கேட்பது எங்கள் பிள்ளைகளை விரட்டுகிற வேலை.

ஜூன் 14, இரவு. டீச்சர்

தம்பி, அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது என் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு குழு தொடங்கினேன். அது இன்றுவரை ஓடுகிறது. ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன்.

ஒரு வட்டம். நாணின், அதாவது வட்டத்தின் இரு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டின், நீளம் 16 சென்ரிமீற்றர். மையத்திலிருந்து நாணுக்குள்ள செங்குத்துத் தூரம் 6 சென்ரிமீற்றர். ஆரை, அதாவது மையத்திலிருந்து வட்டத்துக்குள்ள தூரம், என்ன? ஒரு மகள் இதைப் படம் பிடித்து, கீழே “டீச்சர் இது எப்படி” என்று மட்டும் எழுதி அனுப்பினாள். நான் பைதகரஸ் தேற்றத்தை அடியிலிருந்து விளக்கி மூன்று குரல் பதிவு அனுப்பினேன். மொத்தம் எட்டு நிமிடம் இருக்கும். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். 16இன் வர்க்கம் 256, 6இன் வர்க்கம் 36, கூட்டினால் 292, அதற்கு வர்க்கமூலம் சரியாக வராததால் அப்படியே விட்டிருந்தாள். பைதகரஸ் அவளுக்கு நன்றாகவே தெரியும். மையத்திலிருந்து வரும் செங்குத்து நாணைச் சரிபாதியாக வெட்டும், ஆகவே 16ஐ விட்டு 8ஐ எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் விடுபட்டிருந்தது. 64உம் 36உம் 100, ஆரை 10. அந்தக் கொப்பிப் பக்கம் முந்தின இரவே என் கைக்கு வந்திருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். தெரிந்த பாடத்தையே எட்டு நிமிடம் டேட்டா செலவழித்து அவள் கேட்டிருக்க வேண்டியதில்லை.

அதனால்தான் கேட்கிறோம். விரட்டுவதற்கு இல்லை தம்பி.

ஜூன் 15. டீச்சர்

நேற்று எழுத விட்டுப்போனது: படம். ஒரு மகன் அனுப்பிய படத்தில் அவனுடைய கட்டைவிரல் வினாவின் கடைசி வரியில் விழுந்திருந்தது. ‘இரு மடங்கு’ என்ற சொல் விரலுக்கு அடியில். நானும் குழுவில் இன்னொரு பிள்ளையும் அரை மணி நேரம் வேறு ஏதோ ஒரு கணக்கைச் செய்துகொண்டிருந்தோம்.

லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) இரவில் படம் எடுப்பது லேசில்லை என்பது எனக்குத் தெரியும். பல்பு நடுவில் தொங்கும், குனிந்தால் நம் தலையின் நிழலே கொப்பியில் விழும். முடிந்தால் வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் வைத்து எடுத்துவிடுங்கள். இன்னும் நல்லது, படமே எடுக்காமல் தரம், பக்கம், பயிற்சி இலக்கம் எழுதிவிடுவது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்தான் எல்லாப் பாடசாலைக்கும் வருகிறது. நான் என் பிரதியைத் திறந்துகொள்வேன். கடந்தகால வினாத்தாள் என்றால் ஆண்டும் வினா இலக்கமும் போதும்.

ஜூன் 18. கேட்டவர்

டீச்சர், நீங்கள் சொன்ன பிள்ளை கொப்பியில் எதையோ எழுதியிருந்தாள். தங்கச்சி எதையுமே எழுதவில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியாது என்கிறாள். அவளிடம் ‘என்ன செய்து பார்த்தாய்’ என்றால் என்னவென்று சொல்வாள்? அம்மா மலையில் தேயிலை வேலை முடித்து வந்து சமைத்து முடிக்க இருட்டிவிடும். அப்பா ஐந்தாம் வகுப்பு. வீட்டில் யாரைக் கேட்பாள்?

ஜூன் 20. டீச்சர்

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். தம்பி சொல்வது சரி. 14ஆம் திகதி நான் எழுதியது பாதிப் பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். ஏதோ செய்து, எங்கோ தவறி நிற்கிற பிள்ளைக்கு. வெறும் தாளோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்தக் கேள்வி கதவைச் சாத்துகிற மாதிரித்தான் கேட்கும். இத்தனை வருடம் இதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் என்பது மனதை என்னவோ செய்கிறது.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். அதற்கு முன் பெரும்பாலான தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. பொறுப்பேற்ற பிறகும் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. உங்கள் அப்பா ஐந்தோடு நின்றது அவர் விருப்பத்தில் நடந்திருக்காது. கொழும்பில் ஒரு பிள்ளை பக்கத்து அறையில் கேட்டு முடிக்கிற சந்தேகத்தை எங்கள் பிள்ளை ஊர் பேர் தெரியாதவர்கள் நூறு பேர் முன்னால் கேட்க வேண்டியிருக்கிறது. உயர்தரம் (தரம் 12, 13) படிக்கப் போவதென்றால், தரம் 11 முடித்து எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், மூன்றிலாவது அதைவிட மேலான திறமைச் சித்தி. கணக்கு ஒன்றில் விழுந்து வீட்டோடு நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் இந்தப் பேச்சு எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அப்போ வெறும் தாளோடு இருக்கிற பிள்ளை என்ன எழுதிக் கேட்பது? நான் உயர்தரம் படித்த காலத்தில் மேல் லயத்தில் ஓர் அக்கா இருந்தார். கணக்கில் மாட்டிக்கொண்டால் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவேன். அவர் கொப்பியை வாங்க மாட்டார். சோற்றுக்கு அரிசி களைந்தபடியே, “முதலில் அந்தக் கணக்கை எனக்குக் கதை மாதிரிச் சொல்லு” என்பார். என்ன தந்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், நடுவில் எந்தச் சொல் விளங்கவில்லை. சொல்லிக்கொண்டே வரும்போது பாதியில், “அக்கா வேண்டாம், விளங்கிட்டது” என்று திரும்பி ஓடிய நாட்கள் எத்தனையோ.

தங்கச்சி அதைச் செய்யலாம். விடையை நோக்கி ஒரு வரிகூட வேண்டாம். ‘ஒரு வட்டம் தந்திருக்கிறார்கள், நாண் 16, தூரம் 6, ஆரை கேட்கிறார்கள், செங்குத்துத் தூரம் என்றால் எது என்று விளங்கவில்லை.’ இதுவே செய்து பார்த்ததுதான். ஒரு வட்டத்தைக் கீறி 16ஐயும் 6ஐயும் தனக்குத் தோன்றிய இடத்தில் எழுதி அனுப்பினாலும் போதும். 6ஐ எங்கே எழுதியிருக்கிறாள் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஜூன் 23. டீச்சர்

விடையைச் சொல்லிவிட்டால் என்ன என்று தம்பி முதலில் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

2022இல், மின்வெட்டு ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை போன காலம். கரண்ட் வந்து போனில் சார்ஜ் ஏறியதும் குழுவில் கேள்விகள் குவிந்து கிடக்கும். ஓர் இரவு பதினொரு மணிக்கு மேல் எல்லாவற்றுக்கும் அவசர அவசரமாக முழு விடை எழுதிப் போட்டேன். அதில் ஒரு கணக்கு: வியாபாரி கொள்விலையில் 20 சதவீதம் கூட்டி விலை குறித்து, பிறகு 10 சதவீதம் கழிவு கொடுத்து, 5400 ரூபாவுக்கு விற்கிறார். கொள்விலை என்ன? குறித்த விலை 6000 என்பது வரை சரியாக எழுதினேன். அடுத்த வரியில் 6000இலிருந்து 20 சதவீதத்தைக் கழித்து 4800 என்று போட்டுவிட்டேன். 6000 என்பது கொள்விலையின் 120 சதவீதம், ஆகவே 5000தான் விடை. தூக்கக் கலக்கத்தில் விட்ட பிழை.

அந்த வாரம் கொப்பி திருத்தும்போது பதினான்கு கொப்பியில் 4800. ஒருத்தி மட்டும் 5000 என்று எழுதியிருந்தாள். படிமுறை அத்தனையும் சுத்தமாக இருந்தது. பிறகு அந்த 5000ஐக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் 4800 என்று எழுதியிருந்தாள். டீச்சர் சொன்னது வேறாக இருந்ததால் தான் செய்த சரியையே அழித்துவிட்டாள். அந்த வெட்டுக்கோடு இப்போதும் கண்ணில் நிற்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் பிழை என்னுடையது என்று சொல்லி, அவள் கொப்பியில் 5000ஐத் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து முழு விடை போடுவதை நிறுத்திவிட்டேன். ‘கொள்விலை 100 என்று வைத்துக்கொள், குறித்த விலை எவ்வளவு வரும்?’ என்று ஒரு படி மட்டும் தருவேன். பிள்ளை அடுத்த வரியை எழுதி அனுப்பினால் அதற்கடுத்த படி. இதற்கு நேரம் கூடத்தான் போகும். ஆனால் சாதாரண தரத்தில் முதலாம் வினாத்தாள் 2 மணி நேரம், இரண்டாம் வினாத்தாள் 3 மணி நேரம். அந்த ஐந்து மணி நேரம் குழுவில் யாரும் கூட இருக்க மாட்டார்கள். புள்ளியிடும் திட்டத்தில் படிமுறைக்குப் படிமுறை புள்ளி இருக்கிறது. கடைசி விடை பிழைத்தாலும் வழி சரியாக இருந்த பிள்ளைக்குப் புள்ளி உண்டு. வாங்கி எழுதிய விடையில் அந்த வழி இருக்காது.

ஜூலை 2. டீச்சர்

சின்னச் சின்ன விஷயங்கள் சில.

‘அவசரம் டீச்சர், நாளைக்குக் கொடுக்க வேண்டும்’ என்று இரவு பத்தரைக்கு வருகிற செய்தி. அவசரம் உண்மையாகவே இருக்கும், மாவு அரைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் தம்பியைப் பார்க்கவும் போய்விட்டுத்தான் பிள்ளை கொப்பியைத் திறந்திருப்பாள். ஆனாலும் பதில் சொல்கிறவரும் சம்பளம் வாங்காமல், தன் வீட்டு வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவர். பதில் வராவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேள்விக்குறி போடாமல் ஒரு நாள் பொறுங்கள். அப்புறமும் வராவிட்டால் தாராளமாக நினைவூட்டலாம், நான் கோபிக்க மாட்டேன்.

ஒரே கேள்வியை மூன்று குழுவில் போடுவது. போன மாதம் ஒரு மகனுக்குப் படம் கீறி, எழுதி, அனுப்பி முடித்த பிறகுதான் தெரிந்தது, வேறொரு குழுவில் இன்னோர் ஆசிரியரும் அதே நேரத்தில் அதே படத்தைக் கீறிக்கொண்டிருந்திருக்கிறார். ‘அங்கேயும் கேட்டிருக்கிறேன், விடை கிடைத்தால் சொல்கிறேன்’ என்று ஒரு வரி போட்டால் போதும்.

விடை கிடைத்ததும் கேள்வியை அழித்துவிடுவது இன்னும் மோசம். அடுத்த வருடம் அதே கணக்கில் நிற்கப்போகிற பிள்ளை தேடும்போது எங்கள் பதில்கள் மட்டும் தலையில்லாமல் கிடக்கும்.

நன்றி சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். சொன்னால் சந்தோஷம். அதைவிட, ‘8 எடுத்ததும் 10 வந்தது டீச்சர்’ என்று எழுதினால் எனக்கு அன்றைய இரவே நல்ல இரவு.

ஜூலை 3. டீச்சர்

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படியுங்கள். ‘என்ன செய்து பார்த்தாய்’ என்று கேட்கிற பழக்கம் எங்கள் குழுவில் முளைத்தது இல்லை. பிசிக்ஸ் ஃபோரம்ஸ் என்ற ஆங்கில இணையத்தளத்தில் வீட்டுப்பாடக் கேள்வி போடுகிறவர்களுக்கு மூன்று பகுதி கொண்ட ஓர் அமைப்பே வைத்திருந்தார்கள். வினா என்ன, அதற்குப் பொருந்தும் சமன்பாடுகள் எவை, நீ செய்து பார்த்தது எது. மூன்றையும் நிரப்பிக் கேட்க வேண்டும். நான் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அங்கே பல்கலைக்கழகப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். எங்கள் தரம் 9, 10 பிள்ளைகளுக்கு இரண்டாவது பகுதியை நான் எடுத்துவிட்டேன். எந்தச் சமன்பாடு பொருந்தும் என்று தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்துவிட்டதே.

ஜூலை 10. டீச்சர்

இன்று போயா (பௌர்ணமி) விடுமுறை. மழை விட்டிருந்தது. நோர்வூட் பக்கம் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போயிருந்தேன், அம்மா கூப்பிட்டிருந்தார். மேசையில் அவளுடைய கணக்குக் கொப்பி இருந்தது. 80 பக்கக் கொப்பி, தொட்டால் ஐம்பது பக்கம்கூட இல்லை. நடுத் தையல் நூல் தளர்ந்து தொங்குகிறது. பிழைத்த பக்கங்களையெல்லாம் கிழித்துவிடுவாளாம். “சிவப்புப் பேனை அடித்த பக்கம் வேண்டாம் டீச்சர், அசிங்கமாக இருக்கும்” என்றாள். மீதியிருந்த பக்கங்களில் எல்லாம் சரி மட்டும்தான்.

இந்தப் பிள்ளையிடம் போய் ‘செய்து பார்த்ததைக் காட்டு’ என்றால் எதைக் காட்டுவாள்? காட்ட வேண்டியதைத்தான் கிழித்து எறிந்துவிட்டாளே. அவள் அதைக் கற்றுக்கொண்டது எங்களிடம்தான். பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு அடிக்கிற கை எங்களுடையது. நானும் அடித்திருக்கிறேன்.

தம்பி, உங்கள் தங்கச்சி குழுவைத் திறக்காமல் விட்டதற்கு ஜூன் 14இல் நான் சொன்ன காரணம் எதுவும் போதாது. அவள் பயந்தது அந்தக் கேள்விக்கு இல்லை என்று நினைக்கிறேன். தன் பிழையை நூறு பேர் பார்ப்பார்களே என்ற பயம் அது. இனி என் குழுவில் ‘என்ன செய்து பார்த்தாய்’ என்று யாரும் கேட்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ‘எந்த வரியில் நின்றாய்?’ என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். ‘முதல் வரியிலேயே’ என்பதும் நல்ல பதில்தான். பிழையான படிமுறை போட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் படத்தை ஒட்டினால் ஒட்டியவரை அன்றே குழுவிலிருந்து எடுத்துவிடுவேன்.

அதே நாள், இரவு. டீச்சர்

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். தங்கச்சி எந்த எண்ணில் குழுவில் இருக்கிறாள்? வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் அவள் எண் தெரியும். ‘தனியாக வா, சொல்லித்தருகிறேன்’ என்று முன்பின் தெரியாத ஆள் ஒரு பிள்ளைக்கு எழுதிய சம்பவம் எனக்குத் தெரிந்தே நடந்தது. அவள் அம்மாவிடம் சொன்னதால் தப்பினாள். எத்தனை பேர் சொல்லாமல் இருக்கிறார்களோ. கேள்வி குழுவில் வர வேண்டும், பதிலும் குழுவில்தான் வர வேண்டும். நானே ஆனாலும் பிள்ளையின் தனிப்பெட்டிக்குப் பதில் போடுவதில்லை. அம்மாவின் எண்ணில் சேர்த்துவிடுங்கள் தம்பி. முகம், பாடசாலைச் சீருடை, வீட்டு வாசல் எதுவும் படத்தில் வர வேண்டாம், கொப்பி மட்டும்.

ஜூலை 19. டீச்சர்

சாட்ஜிபிடி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதில் விடை எடுத்து, ‘நான் செய்தது சரியா’ என்று குழுவில் போடுகிறார்களே, என்ன செய்வது என்று.

அது வந்தது 2022 நவம்பர் கடைசியில். அடுத்த சில நாட்களிலேயே, கணினி நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் அதிலிருந்து எடுத்த பதில்களைப் போடத் தடை விதித்தது. பார்க்கச் சரிபோல இருந்து பிழையாக இருப்பவை அவ்வளவு வந்து குவிந்தன. நான் தடை போடவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இரவில் கேட்க அது ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் எங்கிருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். ‘இது சாட்ஜிபிடி தந்தது, மூன்றாம் வரி எனக்கு விளங்கவில்லை’ என்றால் மூன்றாம் வரியைப் பற்றிப் பேசலாம். தான் செய்ததென்று சொல்லிப் போட்டால், அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து நான் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கான ஒப்படைகளை (பாடசாலையே புள்ளியிடும் வேலைகளை) மட்டும் யாரும் குழுவில் போட வேண்டாம். அதற்குப் புள்ளி போகிறது.

ஜூலை 27. கேட்டவர்

டீச்சர், தங்கச்சியை அம்மாவின் எண்ணில் உங்கள் குழுவுக்கு மாற்றிவிட்டேன். நீங்கள் எழுதியதையெல்லாம் தங்கச்சிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கொப்பி கிழிக்கிற கதை வந்ததும் பேசாமல் இருந்தாள். அவளும் கிழிக்கிறாளாம். அம்மாவின் நாள் கூலியில்தான் கொப்பிக்கும் காசு போகிறது, கிழிக்காதே என்று நான் பேசினேன். பேசியிருக்கக் கூடாதோ?

ஜூலை 27, இரவு. டீச்சர்

பேசியது பேசியதாக இருக்கட்டும். நாளைக்குப் போன் எடுத்து, இனி பிழைத்த பக்கத்தைத்தான் டீச்சர் கேட்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். காசுக் கதை வேண்டாம், அது அவளுக்குத் தெரியும்.

ஓகஸ்ட் 3. டீச்சர்

நேற்று மாலை ஏழு மணி தாண்டி உங்கள் அம்மாவின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. பேனையால் கீறிய வட்டம், நேராக இல்லை. நாண் 24, ஆரை 13, மையத்திலிருந்து நாணுக்குத் தூரம் எவ்வளவு என்ற கணக்கு. 13ஐச் செங்குத்துக் கோட்டின் மேலே எழுதி, வெட்டி, பிறகு மையத்திலிருந்து நாணின் முனைக்கு ஒரு கோடு இழுத்து அதன் மேல் எழுதியிருக்கிறாள். கீழே ‘இந்த இடத்தில் நின்றுவிட்டேன்’ என்று ஒரு வட்டம். வெட்டியதை அழிக்கவில்லை.

நான் பார்ப்பதற்குள் டயகமவிலிருந்து இன்னொரு பிள்ளை ‘24ஐ என்ன செய்யணும் என்று யோசி’ என்று எழுதிவிட்டாள். இன்னும் பதில் வரவில்லை. சிக்னல் போயிருக்கும், நேற்று இரவு முழுக்கக் காற்று. நான் எதுவும் எழுதாமல் வைத்திருக்கிறேன். தம்பி, நீங்களும் போன் பண்ணி 5 என்று சொல்லிவிட வேண்டாம்.